3 ஆண்டுகள், ஓர் அகராதி: ஆதி, மிசிங் மொழிகளைப் பதிவு செய்த ஹெர்பர்ட் லோரைன் யார்?

1907-ம் ஆண்டு ஷில்லாங்கில் இருந்த அரசு அச்சகத்தில் இருந்து ஒரு தடிமனான புத்தகம் வெளியே வந்தது. 'அபோர்-மிரி மொழி அகராதி' என்பது அதன் பெயர். இன்றைய அருணாச்சலப் பிரதேசத்தின் ஆதி மக்களும், அசாமின் மிசிங் மக்களும் பேசும் பேச்சு முதல்முறையாக இவ்வளவு விரிவாக அச்சில் ஏறியது அப்போதுதான்.

அதை எழுதியவர் ஜேம்ஸ் ஹெர்பர்ட் லோரைன். மிசோரமில் இவர் பெயரைக் கேள்விப்படாத ஆள் இருக்க முடியாது. மிசோ மொழிக்கு எழுத்து கொடுத்தவர் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் அருணாச்சல அடிவாரத்தில் அவர் கழித்த 3 ஆண்டுகள் பற்றி வெளியே அவ்வளவாகப் பேச்சு இல்லை.

அந்த 3 ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்? எழுத்தே இல்லாத ஒரு மொழியை வெளியூர்க்காரர் எப்படிக் கற்றார்? அந்தப் பழைய அகராதி இன்று யாருக்கு உதவும்? பார்க்கலாம்.

தானி மொழிகள் என்றால் என்ன?

அருணாச்சலப் பிரதேசத்தின் நடுப்பகுதியில் வாழும் ஆதி, நியிஷி, அபதானி, காலோ, தாகின் ஆகிய மக்களும், அசாம் சமவெளியில் பிரம்மபுத்திரா கரையோரம் வாழும் மிசிங் மக்களும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று நம்புகிறார்கள். அந்த மூதாதையின் பெயர் அபோ தானி. அதனால்தான் இவர்கள் பேசும் மொழிகளை மொழியியலாளர்கள் தானி மொழிகள் என்கிறார்கள். திபெத்தோ-பர்மிய மொழிக் குடும்பத்தில் இது ஒரு தனிக் கிளை.

இந்த மொழிகளுக்குப் பாரம்பரியமாக எழுத்து கிடையாது. எழுத்து இல்லை என்றால் இலக்கியம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆதி மக்களிடம் 'அபாங்' என்ற நீண்ட வாய்மொழிப் பாடல் மரபு இருக்கிறது. உலகம் உண்டான கதை முதல் குல வரலாறு வரை அதில் அடக்கம். ஆனால் எல்லாம் நினைவில்தான். பாடுகிறவர் போய்விட்டால் அதுவும் கூடவே போய்விடும்.

தோலில் எழுதித் தரப்பட்ட எழுத்தைப் பசியில் தின்றுவிட்டதால்தான் தங்களுக்கு எழுத்து இல்லாமல் போனது என்ற கதையும் இந்த மலைப்பகுதிகளில் உண்டு. மிசோ மக்களிடமும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே அந்தத் தோலைத் தின்றது நாய். இந்த இரண்டு மக்களின் பேச்சையும் பேனாவில் பிடிக்கப் பார்த்தவர் லோரைன்.

லண்டனில் இருந்து லுஷாய் மலைக்கு

லோரைன் 1870-ல் பிறந்தவர், லண்டன்காரர். 1890-களின் தொடக்கத்தில் கிறிஸ்தவ மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தார். அனுப்பியவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ராபர்ட் ஆர்திங்டன். பெரும் பணக்காரர், ஆனால் தனக்கென்று ஒரு காசு செலவழிக்கத் தயங்கும் அளவுக்குச் சிக்கனமாக வாழ்ந்தவர். பணத்தை எல்லாம் மிஷன் வேலைக்கே ஒதுக்கினார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மிஷனரிகள் ஒரே இடத்தில் பல ஆண்டுகள் தங்கக் கூடாது, ஒரு மக்களிடம் வேதத்தைச் சேர்த்ததும் அடுத்த மக்களிடம் போய்விட வேண்டும் என்பதுதான் அது. லோரைனின் வாழ்க்கையை இந்தக் கொள்கை பின்னால் புரட்டிப் போட்டது.

இந்தியாவில் லோரைனுடன் கைகோத்தவர் ஃபிரடெரிக் வில்லியம் சேவிட்ஜ். இருவரும் லுஷாய் மலைக்குள், அதாவது இன்றைய மிசோரமுக்குள் போக அனுமதி கேட்டு சில்சாரில் காத்திருந்தார்கள். மலையில் ஆங்கிலேயருக்கு எதிரான சண்டைகள் முழுவதுமாக ஓயாத நேரம் அது. கடைசியில் அனுமதி கிடைத்தது. 1893 டிசம்பர் 26-ம் தேதி படகில் கிளம்பி, 1894 ஜனவரி 11-ம் தேதி சாய்ராங் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஜனவரி 11 மிசோரமில் இன்றும் மிஷனரி தினம், அரசு விடுமுறை.

எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து எப்படி?

ஐசாலில் இருவரும் முதலில் செய்த வேலை, மொழி கற்றது. பாடப்புத்தகம் இல்லை, ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை. தாமஸ் லூயின் என்ற ராணுவ அதிகாரி 1874-ல் வெளியிட்ட பேச்சுப் பயிற்சி நூல் போன்ற சில உதவிகள் மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் மக்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான்.

பிறகு எழுத்து. ரோமன் எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதுவது மாதிரி இல்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும். அது வேண்டாம் என்று, இந்திய ஊர்ப் பெயர்களை எழுத அரசு பயன்படுத்திய ஹண்டர் முறையைப் பின்பற்றினார்கள். ஓர் எழுத்து போட்டால் அதற்கு எப்போதும் ஒரே ஒலி. படிக்கிறவருக்குக் குழப்பம் குறைவு.

1894-லேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். சுவாகா, தாங்புங்கா என்ற இருவர்தான் முதல் மாணவர்கள். மாணவர்கள் ஒரு பக்கம் எழுத்து கற்றார்கள் என்றால், இன்னொரு பக்கம் ஆசிரியர்கள் அவர்களிடம் மொழி கற்றார்கள். 1898-ல் லுஷாய் மொழியின் இலக்கணமும் அகராதியும் ஒரே நூலாக அரசு அச்சகத்தில் அச்சானது. மக்கள் லோரைனுக்கு 'பு புவாங்கா' என்று பெயர் வைத்தார்கள். 'பு' என்பது பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொல், நாம் ஐயா என்பது போல.

அப்புறம் ஏன் கிளம்பினார்கள்?

இங்கேதான் ஆர்திங்டனின் கொள்கை குறுக்கே வந்தது. 4 ஆண்டுகள் ஆகிவிட்டன, அடுத்த இடத்துக்குப் போங்கள் என்ற நிலை. 1897-ல் வெல்ஷ் மிஷனைச் சேர்ந்தவர் ஐசால் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு முடிவில் லோரைனும் சேவிட்ஜும் மலையை விட்டு இறங்கினார்கள்.

மொழி பிடிபட்டு, புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் அந்த ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. இங்கிலாந்து திரும்பிய இருவரும் சும்மா இருக்கவில்லை. ஆதரவாளர்களைச் சேர்த்து அசாம் எல்லை முன்னோடி மிஷன் என்ற பெயரில் சொந்தமாக ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கினார்கள். இந்த முறை போக நினைத்தது, இந்தியாவின் வடகிழக்கு மூலையில் இருந்த அபோர் மலைகளுக்கு.

சதியாவில் நடந்தது என்ன?

1900-ல் இருவரும் சதியா வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கடைசிப் புள்ளி அது. அதற்கு மேல் மலை. 1873-ல் கொண்டுவரப்பட்ட உள்கோடு விதிப்படி, அரசு அனுமதி இல்லாமல் வெளியாட்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மலைக் கிராமங்களும் அந்நியர்களைச் சுலபமாக உள்ளே விடுகிறவை அல்ல.

ஐசாலில் மக்கள் நடுவிலேயே குடியிருந்து மொழி கற்றவர்களுக்கு, இங்கே மலை வாசலில்தான் இடம். ஆனால் சதியாவுக்கு வேறு ஒரு வசதி இருந்தது. மலையில் இருந்து வியாபாரத்துக்காக மக்கள் இறங்கி வரும் ஊர் அது. கூடவே, மிரி என்று அப்போது அழைக்கப்பட்ட மிசிங் மக்கள் அந்தச் சமவெளியிலேயே ஆற்றோரம் கால் வைத்த வீடுகளில் குடியிருந்தார்கள். அவர்களின் பேச்சும் மலையில் உள்ள ஆதி மக்களின் பேச்சும் நெருங்கிய உறவு. அகராதியின் தலைப்பில் இரண்டு பெயர்களும் ஒன்றாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

முன்னால் யாருமே முயற்சி செய்யவில்லை என்று இல்லை. சதியாவில் அதிகாரியாக இருந்த நீதம், 1886-ல் மிரி மொழிக்கு ஒரு சுருக்கமான இலக்கணம் எழுதியிருந்தார். ஆனால் மொழியின் சொல்வளம் முழுவதையும் திரட்டும் வேலை அப்படியே கிடந்தது. லோரைன் கையில் எடுத்தது அதைத்தான்.

மொழியில் அப்படி என்ன சிரமம்?

லுஷாய் தெரியும், அதனால் இதுவும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பெருங்குடும்பம் என்றாலும் கிளைகள் வேறு. ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றது புரியாது. கிட்டத்தட்ட முதலில் இருந்து தொடங்க வேண்டிய கதை.

முதல் சிரமம் உயிரொலிகள். ஆதி, மிசிங் பேச்சில் ஆங்கிலத்துக்குப் பழகாத உயிரொலிகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தமிழர்களுக்கு எளிதில் விளக்கலாம். 'பாட்டு', 'காற்று' என்ற சொற்களின் முடிவில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, குற்றியலுகரம், கிட்டத்தட்ட அந்த மாதிரி ஓர் ஒலி. நமக்கு அது சொல்லின் கடைசியில்தான் பெரும்பாலும் வரும். அங்கே அது முழு உரிமையுள்ள தனி உயிர். அதை மாற்றிச் சொன்னால் சொல்லே மாறிவிடலாம். குறில், நெடில் வேறுபாடும் நம்மைப் போலவே அங்கேயும் பொருளை மாற்றும். ஆங்கிலக் காதுக்கு இது பிடிபட நாள் ஆகும்.

இரண்டாவது சிரமம் வினைச்சொல். தமிழில் 'செய்துவிட்டான்', 'செய்துபார்த்தான்', 'செய்துகொண்டான்' என்று இன்னொரு வினையைச் சேர்த்துப் பொருளைத் திருப்புகிறோம். தானி மொழிகளில் அந்த வேலையைச் சின்னச் சின்ன ஒட்டுகள் செய்யும். சேர்ந்து செய்தது, செய்து முடித்தது, செய்யத் தெரிவது, மேல்நோக்கிச் செய்தது என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் செய்யலாம். அகராதி எழுதுகிறவருக்கு இது பெரிய தலைவலி. எதைத் தனிச் சொல்லாகப் போடுவது, எதை ஒட்டு என்று பிரிப்பது?

மூன்றாவது, அந்த நிலத்தோடு ஒட்டிய பேச்சு. அது, அங்கே என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதைப் பல தானி மொழிகளில் அப்படி முடிக்க முடியாது. சுட்டும் பொருள் மேலே மலையில் இருக்கிறதா, கீழே பள்ளத்தில் இருக்கிறதா, சமமான உயரத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். உட்கார்ந்த இடத்தில் இருந்து இதைக் கற்க முடியாது. பேசுகிறவர் எங்கே நின்று எதைக் காட்டுகிறார் என்று பார்க்க வேண்டும்.

இதனால் வெறும் சொற்பட்டியல் போதாது. லோரைனின் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் குறிப்புகளையும் சேர்த்தே தந்தது. ஒரு சொல் எப்படி வாக்கியத்தில் புழங்குகிறது என்பது அதனால் பதிவானது. அந்த வாக்கியங்களைச் சொல்லித் தந்தவர்கள் ஆதி, மிசிங் மக்கள். ஆனால் நூலின் ஆசிரியராக அறியப்படுகிறவர் லோரைன் ஒருவர் மட்டுமே.

அரசு ஏன் அச்சிட்டது?

1903-ல் லோரைனும் சேவிட்ஜும் சதியாவை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். லுஷாய் மலையின் தெற்குப் பகுதிக்கு மொழி தெரிந்த ஆட்கள் தேவை என்று பாப்டிஸ்ட் மிஷன் அழைத்தது. அவர்களின் சொந்த மிஷன் 3 ஆண்டுகளிலேயே முடிவுக்கு வந்தது. அகராதி அச்சானபோது லோரைன் சதியாவில் இல்லவே இல்லை. கிளம்பி 4 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அச்சிட்டது மிஷன் அல்ல, அன்றைய கிழக்கு வங்காளம்-அசாம் மாகாண அரசின் அச்சகம். இதைக் கவனிக்க வேண்டும். எல்லையில் வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கு அந்த மக்களின் மொழி தேவைப்பட்டது. பேச, விசாரிக்க, பேரம் பேச, கட்டுப்படுத்த. மிஷனரிக்கு வேதம் சொல்ல மொழி வேண்டும், அரசுக்கு ஆட்சி செய்ய மொழி வேண்டும். இரண்டு தேவைகளும் அந்த ஒரே புத்தகத்தில் சந்தித்தன.

அகராதி வந்து 4 ஆண்டுகளில், 1911 மார்ச்சில், சதியா அதிகாரியான நோயல் வில்லியம்சனும் அவருடன் போன மருத்துவர் கிரெகர்சனும் ஆதி மலையில் கொல்லப்பட்டார்கள். பதிலடியாக 1911-12-ல் ராணுவம் மலைக்குள் புகுந்தது. ஆங்கிலேயர்கள் இதை அபோர் படையெடுப்பு என்று எழுதிவைத்தார்கள். மொழியை அறிந்திருந்தும் இரு தரப்புக்கும் நடுவே நம்பிக்கை வளரவில்லை.

பெயரில் என்ன சிக்கல்?

அகராதியின் தலைப்பில் உள்ள இரண்டு பெயர்களுமே அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டவை அல்ல. 'அபோர்' என்பது சமவெளியில் இருந்தவர்கள் வைத்த பெயர். அடங்காதவர்கள் என்பது அதன் பொருள். 'மிரி' என்பதும் வெளியே இருந்து வந்த பெயர்தான். மலைக்கும் சமவெளிக்கும் நடுவே தரகராக, மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்கள் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்.

லோரைன் இந்தப் பெயர்களை உருவாக்கவில்லை. அரசுக் காகிதங்களில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு மக்களின் மொழி முதல்முறை புத்தகமாக வரும்போது, முகப்பிலேயே அவர்கள் விரும்பாத பெயர் ஏறிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆதி, மிசிங் என்ற சொந்தப் பெயர்கள் புழக்கத்துக்கு வந்தன. அருணாச்சலப் பிரதேசப் பழங்குடிகள் பட்டியலில் இருந்து 'அபோர்' என்ற பெயரை நாடாளுமன்றம் நீக்கியது 2021-ல்தான். அகராதி வந்து 114 ஆண்டுகள் கழித்து!

மறுபடியும் மிசோரம்

1903 மார்ச்சில் லோரைனும் சேவிட்ஜும் லுங்லெய் அருகே செர்கானில் குடியேறினார்கள். இந்த முறை யாரும் கிளம்பச் சொல்லவில்லை. சேவிட்ஜ் கல்வி வேலையைப் பார்த்தார், லோரைன் மொழிபெயர்ப்பையும் அகராதியையும் தொடர்ந்தார். லோரைனின் தம்பி ரெஜினால்டும் 1907-ல் மாரா மக்கள் வாழும் பகுதிக்கு வந்து, அவர்கள் மொழிக்கு எழுத்து உருவாக்கினார்.

1932-ல் ஓய்வு பெற்றார் லோரைன். ஆனால் அகராதி வேலைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1898-ல் வந்த சிறிய நூலைப் பல மடங்கு பெரிதாக்கி எழுதினார். லுஷாய் மொழி அகராதி 1940-ல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. அப்போது அவருக்கு வயது 70. இரண்டு நூல்களுக்கும் நடுவே 42 ஆண்டுகள். 1944-ல் லோரைன் காலமானார்.

ஒரே மனிதர், இரண்டு மொழிகள். ஆனால் விளைவு வேறு வேறு. மிசோ மொழியில் அகராதியோடு பள்ளி வந்தது, பாடப்புத்தகம் வந்தது, பத்திரிகை வந்தது. மக்களே அந்த எழுத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிசோரமின் எழுத்தறிவு 91 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சதியாவில் எழுதப்பட்ட அகராதிக்குப் பின்னால் அந்த மாதிரி ஒரு தொடர்ச்சி உடனே வரவில்லை. எழுதியவர் போய்விட்டார், புத்தகம் அதிகாரிகளின் அலமாரிக்குப் போனது.

இன்று அந்த அகராதி எதற்கு?

லோரைன் பார்த்த பழைய சதியா இப்போது இல்லை. 1950 ஆகஸ்ட் 15-ம் தேதி அந்தப் பகுதியை 8.6 ரிக்டர் அளவிலான பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஆறுகள் தடம் மாறின, பழைய ஊர் வெள்ளத்தில் போனது. ஆனால் அந்த ஊர்ச் சந்தையில் 1900-ல் காதில் விழுந்த பேச்சு அகராதியில் இருக்கிறது. பின்னாளில் அது மறுபதிப்பும் கண்டது.

ஆய்வாளர்களுக்கு அது 120 ஆண்டு பழைய சான்று. 1993-ல் ஜாக்சன் சுன் என்ற மொழியியலாளர், எல்லாத் தானி மொழிகளுக்கும் மூலமான பழைய மொழி எப்படி இருந்திருக்கும் என்று ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்த மாதிரி வேலைக்குப் பழைய பதிவுகள் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

பேசுகிறவர்களுக்கு? 2011 கணக்குப்படி மிசிங் மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6.3 லட்சம், ஆதி மொழியைச் சொன்னவர்கள் சுமார் 2.5 லட்சம். எண்ணிக்கை சின்னதில்லை. ஆனாலும் யுனெஸ்கோவின் ஆபத்தில் உள்ள மொழிகள் பட்டியலில் தானி மொழிகள் இடம்பெற்றுள்ளன. அருணாச்சலத்தில் பல மொழி பேசுகிறவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் இந்திதான் பொது மொழி. வீட்டிலும் அதுவே வந்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் பேச்சு பாதிதான் புரியும். அபாங் பாடல்களின் பழைய சொற்கள் சுத்தமாகப் புரியாது.

இப்போது இந்த வேலையை அந்த மக்களே எடுத்துச் செய்கிறார்கள். 'அகோம்' என்றால் ஆதி, மிசிங் இரண்டிலும் பேச்சு, சொல். 'கெபாங்' என்றால் சபை. 1972-ல் தொடங்கப்பட்ட மிசிங் அகோம் கெபாங், ரோமன் எழுத்தில் மிசிங் எழுதும் முறையை ஒழுங்குபடுத்தியது. 1980-களில் அசாமின் ஆரம்பப் பள்ளிகளில் மிசிங் ஒரு பாடமாக நுழைந்தது. லோரைனைத் திணறவைத்திருக்கக்கூடிய அந்தத் தனி உயிரொலிகளுக்கு, எழுத்தின் மேல் சின்னக் கோடு போட்டு இவர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஆதி மொழிக்கும் இதே மாதிரி ஓர் அமைப்பு இயங்குகிறது. ரோமன் வேண்டாம், நமக்கென்று தனி எழுத்து வேண்டும் என்று தானி லிபி என்ற புதிய வடிவத்தை முன்வைத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

1907-ல் இந்த மொழிகளை எந்த எழுத்தில் எழுதுவது, எந்தப் பெயரில் அழைப்பது என்பதை வெளியில் இருந்து வந்தவர்கள் முடிவு செய்தார்கள். இப்போது அதைப் பேசி முடிவெடுப்பது அந்த மொழிகளைப் பேசுகிறவர்கள். பழைய அகராதியில் ஒரு சொல்லைத் தேடும் ஆதி, மிசிங் மாணவர்களுக்கு வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அந்தச் சொல் சரிதானா, உச்சரிப்பு எப்படி என்று இன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். லோரைனும் அப்படிக் கேட்டுத்தான் எழுதினார்.